மச்சினனுக்கு ஜாமீன்

என் வீட்டுக்காரர் முருகையா யாரையும் நம்பமாட்டார். கலியாணத்தன்று மாப்பிள்ளைக்கென்று என் அப்பா போட்ட மோதிரத்தை மணவறையில் உட்கார்ந்தபடியே கழற்றிக் கடித்துப் பார்த்தவர் அவர். எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு வந்தது எரிச்சல்.

கடையில் உப்பு வாங்கினாலும் நாக்கில் வைத்துப் பார்ப்பார். நாளைக்கு வேலை இல்லை என்று கங்காணி சொன்னாலும், விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் படுப்பார். பக்கத்து வீட்டுச் செல்லம்மா ஒரு கிண்ணம் மீன்குழம்பு கொடுத்தால், இன்றைக்கு என்ன கேட்கப் போகிறாள் என்று என்னிடம் விசாரிப்பார். இப்படி ஒரு மனுஷனோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் அந்தக் குணத்தால்தான் அவர் உயிரோடு இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஜப்பான்காரன் காலத்தில், ஆபீசில் அரிசி போடுகிறார்கள், ஆம்பிளைகள் எல்லாரும் சாக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று தமுக்கு அடித்தார்கள். பசியில் கிடந்தவர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். இவர் மட்டும் மூலையில் நின்று, அரிசி கொடுக்கிறவன் லாரியைக் காலியாக எதற்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான் என்று கேட்டுவிட்டு, ரப்பர் காட்டுக்குள் போய்விட்டார். அந்த லாரியில் ஏற்றப்பட்ட என் அப்பா சயாமில் ரயில் பாதை போடப் போனவர்தான், திரும்பவில்லை. அதற்குப் பிறகு இவருடைய சந்தேகத்தை லயத்து வரிசை வீடுகளில் யாரும் கேலி பண்ணவில்லை. நான் மட்டும் பண்ணுவேன்.

எங்கள் தோட்டம் மலாய் நாட்டில், லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக உருட்டும் ஆலையில் இஞ்சின் ஓட்டுவது அவருடைய வேலை. மற்றவர்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் பட்டையைக் கீறிப் பாலெடுக்க மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது, இவர் கூரைக்குக் கீழே, கையில் எண்ணெய்த் துணியோடு நிற்பார். அவர் இஞ்சினை நிறுத்தினால் தோட்டமே நின்ற மாதிரி. அந்த வேலையில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத்தான் தெரியும். வாய்விட்டுச் சொல்லமாட்டார். அதையும் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம்.

அப்புறம் அவசரகாலம் வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களைப் பிரித்துக்கொண்டுவந்து ஆலைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கட்டி, சுற்றி முள்கம்பி அடித்தார்கள். திரும்பி வந்த வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் ஆட்களுக்குச் சோறு போகக்கூடாது, அதுதான் காரணம். கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி போகக்கூடாது, கட்டுச்சோறு போகக்கூடாது. மரம் வெட்டப் போகிறவர்களின் பால்வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பெண்களுடைய கொண்டையை அவிழ்த்துப் பார்க்க ஒருத்தியை வைத்திருந்தார்கள். அகப்பட்டால் ஜெயில். இதில் யார் போலீசுக்குச் சொல்கிறான், யார் காட்டுக்குச் சொல்கிறான் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் பாதியில் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் ஒருத்தருக்கு இருந்த வியாதி தோட்டம் முழுக்கத் தொற்றிக்கொண்டது.

என் தம்பி சன்னாசியை அந்தச் சமயத்தில்தான் தடுப்பு முகாமிலிருந்து விட்டார்கள். ஊரிலிருந்து கப்பலில் வரும்போது நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை அவன். அப்பா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து கொடி பிடித்தான், சம்பள உயர்வு கேட்டுக் கூட்டத்தில் பேசினான். அவசரகாலச் சட்டம் வந்ததும் முதல் வேலையாக அவனை அள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே விடும்போதும் சும்மா விடவில்லை. தோட்டத்தில் வேலை இருக்கவேண்டும், சொந்தக்காரர் ஒருவர் ஜாமீன் நிற்கவேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் திரும்ப முகாம், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல். அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஊர்ப் பெயரைத் தவிர வேறு ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

வேலை கொடுக்கப் பெரிய துரைக்கு மனசில்லை. ஆனால் அவருக்கு ஒரு முடை இருந்தது. தோட்டத்து லாரியைக் காட்டு ஆட்கள் கொளுத்திவிட்டார்கள், ஷீட் கட்டுகளை இழுத்துப் போக வண்டி இல்லை. ஆலைக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள் ஒரு டிராக்டர் கிடந்தது. ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் வாங்கியது, இரும்புச் சக்கரம், முன்னால் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்புவது. அந்தக் காலத்தில் அதற்கு டிரைவர் சன்னாசிதான். துரை சொன்னது இவ்வளவுதான்: மாசக் கடைசியில் போலீஸ் அதிகாரி வருவார். அன்றைக்கு டிராக்டர் ஓடினால் சன்னாசிக்கு டிரைவர் வேலை, அவனுக்காக நானே பேசுகிறேன். ஓடாவிட்டால் இந்த ஆள் எனக்கு வேண்டாம்.

ஜாமீன் தாளை யாழ்ப்பாணத்துக்காரரான ஆபீஸ் கிராணி சிவசிதம்பரம் படித்துச் சொன்னார். சன்னாசி தப்புப் பண்ணினால் ஜாமீன் நிற்கிறவரும் பதில் சொல்லவேண்டும். இவர் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். அதுவும் போதாமல், கிராணி சரியாகத்தான் படித்தாரா என்று மருந்துக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கிராணிக்கு மூக்குக்குமேல் கோபம். எனக்கோ அழுகை. கடைசியில் கைநாட்டு வைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

"ஒன் தம்பிய நான் நம்பல மங்கா. கண்ணு முன்னால இருந்தா என்ன செய்றான்னாவது தெரியும்லா."

மாமனும் மச்சினனும் ஆலை வேலை முடிந்த பிறகு டிராக்டரில் இறங்கினார்கள். புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது, உட்காரும் இடத்தில் பல்லி முட்டை. உள்ளே பிஸ்டன்கள் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறப்போட்டார்கள். பிறகு ரப்பர் கட்டையை வைத்து மெல்லத் தட்டினார்கள். சன்னாசிக்கு அவசரம், ஓங்கி அடிப்பான். இவர் கையைப் பிடித்துக்கொள்வார். "மாப்ள, நீ கொடி புடிச்ச மாதிரி இதையும் புடிக்காத" என்பார். "மாமா, நீங்க மோதிரத்தக் கடிச்ச மாதிரி இதையும் கடிச்சுப் பாருங்க" என்பான் அவன். வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துக்கொள்வார். மச்சினன் எடுத்துக்கொண்டு போய்க் காட்டில் கொடுத்துவிடுவானாம்.

பிஸ்டன் நகர்ந்தபோது அடுத்த சிக்கல் வந்தது. தீப்பொறி தருகிற பெட்டி, மேக்னெட்டோ என்பார்கள், அது டிராக்டரில் இல்லை. ஜப்பான்காரன் கழற்றிக்கொண்டு போயிருப்பான் என்று துரை சொன்னார். சன்னாசி இவரைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்கு அது இருக்கிற இடம் தெரியும் மாமா, வெளியே போக ஒரு பாஸ் வாங்கிக் கொடுங்கள் என்றான். இவர் பாஸ் வாங்கினார், இரண்டு பேருக்கு.

பழைய லயம் இருந்த இடத்தில், முனீஸ்வரன் கல்லுக்குப் பின்னால் தோண்டினார்கள். தகர டின்னுக்குள் மெழுகுத்துணியில் சுற்றி ஒரு பொட்டலம். அந்த நாளில் மண்ணுக்குள்ளிருந்து துணிப் பொட்டலம் வந்தால் எல்லாரும் நினைப்பது துப்பாக்கி. இவர் சன்னாசியை எட்டி நிற்கச் சொல்லிவிட்டுத் தன் கையால் பிரித்தார். மேக்னெட்டோதான். வெள்ளைக்காரன் ஓடியதும், ஜப்பான்காரன் கையில் டிராக்டர் போகக்கூடாதென்று சன்னாசி கழற்றிப் புதைத்தது. அதோடு விட்டாரா? குழிக்குள் இறங்கி முழங்கை ஆழத்துக்கு இன்னும் தோண்டினார். வேறொன்றும் இல்லை என்று அவன் சொல்லச் சொல்லத் தோண்டினார். வீட்டுக்கு வந்த தம்பி என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் கண் சிரிக்கவில்லை.

"கேம்ப்ல வெள்ளக்காரன்கூட இப்படித் தோண்டலக்கா."

இவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. சொன்னால் மட்டும் திருந்துகிற ஆளா.

மேக்னெட்டோவைக் காயவைத்துப் பூட்டி, கைப்பிடியைச் சுற்றினார்கள். முதலில் இருமியது. பிறகு ஒரு வெடி வெடித்தது பாருங்கள், கேட்டில் நின்ற காவலர்கள் துப்பாக்கியோடு தரையில் படுத்துவிட்டார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு டிராக்டர் நின்ற இடத்தில் ஆடியது. சன்னாசி இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இவரும் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்த கையாலேயே அவன் சட்டைப் பையையும் தடவிப் பார்த்தார் என்று செல்லம்மா சொன்னாள். இட்டுக்கட்டிச் சொல்லக்கூடியவள்தான், ஆனாலும் நான் நம்பினேன்.

சந்தோஷம் அன்றைக்கே வடிந்தது. இஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் நிற்கிற ரேடியேட்டர் ஒழுகியது. ஒரு இடத்தில் இல்லை, சல்லடை மாதிரி மெல்லிய ஓட்டைகள். ஈயம் வைத்து அடைக்கச் சிரம்பானிலிருந்து ஆள் வரவேண்டும். சாலையில் எங்கேயோ சண்டை, ஆள் வரத் தாமதமாகும் என்று தகவல் வந்தது. மாசக் கடைசி நெருங்கிவிட்டது. துரையிடம் உள்ளதைச் சொல்லித் தவணை கேட்கலாம் என்றார் இவர். சன்னாசிக்குத் தவணையில் நம்பிக்கை இல்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டில் அரிசி குறைய ஆரம்பித்தது.

பங்கீட்டு அரிசி அது. பால் டின்னால் அளந்துதான் உலையில் போடுவேன். பானையில் எந்த மட்டத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? குறைந்ததைப் பார்த்தேன், பானையை மூடிவிட்டேன். அவரும் பார்த்துவிட்டார். அரிசி குறைகிறதே என்றார். உங்கள் கண்ணுக்கு எல்லாமே குறையும் என்று அதட்டிவிட்டேன். அவர் பானைக்குள் அரிசியைத் தட்டிச் சமப்படுத்தி, மேலே விரலால் ஒரு கோடு போட்டு மூடினார். மறுநாள் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கோடு இல்லை.

வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அரிசி கேட்டைத் தாண்டிக் காட்டுக்குப் போகிறதென்றால் எடுத்துப் போகிறவன் ஒருத்தன்தான். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் என்னைப் பார்த்தார். சன்னாசி போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனார். குளிக்கப் போனால் குளிக்கப் போனார், கோயிலுக்குப் போனால் கோயிலுக்குப் போனார். ஆலை இஞ்சினோடு நிற்கிற நேரத்துக்குத்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் தம்பியைத் தனியாக மடக்கி, அரிசியை என்னடா செய்கிறாய் என்று கேட்டேன்.

"நல்ல காரியத்துக்குத்தான்க்கா. மாமாகிட்ட சொல்லிறாத."

எனக்கு அதைக் கேட்டதும்தான் பயம் அதிகமானது. சங்கத்துக்காரர்கள் காட்டுக்கு அரிசி கொடுப்பதையும் நல்ல காரியம் என்றுதான் சொல்வார்கள். பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை. கூடப் பிறந்தவனையே நான் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். அந்தக் கேவலத்தை எப்படிச் சொல்வது.

மாசக் கடைசியில் போலீஸ் அதிகாரி வந்தார். ரேடியேட்டர் ஒழுகவில்லை. தொட்டுப் பார்த்த இவருக்கு ஆச்சரியம். துரு அடைத்துக்கொண்டது மாமா என்றான் சன்னாசி. இவர் குனிந்து அடியில் கையை வைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பின்னால் ஷீட் கட்டுகள் ஏற்றிய இழுவை வண்டி. சன்னாசி ஓட்ட, இவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு நிற்க, டிராக்டர் கேட்டுக்கு வந்தது. துரை, அதிகாரி, கிராணி எல்லாரும் அங்கே நின்றார்கள். வேலைக்குப் போகச் சோதனைக்கு நின்ற எங்கள் வரிசையும் அங்கேதான்.

கேட்டைத் திறந்துவிட்டார்கள். முன்சக்கரம் தாண்டியதும் மலாய்க்காரக் கார்ப்பரல் கையைக் காட்டி நிறுத்தினார். அதிகாரி பார்க்கிறாரென்று அன்றைக்குச் சோதனை பலமாக இருந்தது. கட்டு கட்டாக இறக்கிப் பார்த்தார்கள். இஞ்சினை அணைத்தால் திரும்பக் கிளப்புவது பெரும்பாடு என்று சன்னாசி அணைக்காமல் வைத்திருந்தான். நேரம் போகப் போக முன்னால் ஆவி கிளம்பியது. மூடி டமாரென்று பறந்தது. உள்ளேயிருந்து வெள்ளையாக, நுரை நுரையாகப் பொங்கி, டிராக்டரின் மூக்கு முழுக்க வழிந்தது. அடிப்பிடித்த கஞ்சி வாசனை எல்லார் மூக்கிலும் ஏறியது.

செல்லம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "பொங்கலோ பொங்கல்" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. கார்ப்பரல் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "பூபோர், துவான்" என்றார் அதிகாரியிடம். கஞ்சி, ஐயா என்று அர்த்தம். சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புதுச் சட்டி வாங்கினால் நேரே அடுப்பில் ஏற்றமாட்டோம். கஞ்சி ஊற்றிக் காய்ச்சி ஊறவைப்போம், கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் அடைபட்டுப்போகும். நான் செய்வதைச் சின்ன வயசிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் அரிசியை இடித்து மாவாக்கிக் காய்ச்சி ரேடியேட்டருக்குள் ஊற்றியிருக்கிறான். மடையன், மண்சட்டிக்கும் டிராக்டருக்கும் வித்தியாசம் தெரியாத மடையன். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? முகாமிலிருந்து வந்தவன் ஓட்டுகிற வண்டியில் ஒளித்துவைத்த அரிசி, வண்டியின் முன்சக்கரம் கேட்டுக்கு வெளியே. சட்டத்துக்கு அது போதும்.

அதிகாரி சன்னாசியைத்தான் பார்த்தார். அரிசியை உள்ளே வைத்தது யார் என்று கிராணியை விட்டுக் கேட்கச் சொன்னார். சன்னாசி வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கீழே குதித்தார்.

"நான்தான் ஊத்தினேன். இவனுக்குத் தெரியாது."

மாமா என்று சன்னாசி எழுந்தான். நீ வாயை மூடு என்றார் இவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். சட்டி பழக்குகிற கதையைக் கிராணிக்கு நிதானமாகச் சொன்னார். என் சம்சாரம் செய்வாள், அதைப் பார்த்துச் செய்தேன் என்றார். கிராணி அதை இங்கிலீஷில் சொல்லித் திணறினார். யாழ்ப்பாணத்திலும் சட்டிக்குக் கஞ்சி ஊற்றுவார்களோ என்னவோ, அவர் முகத்தில் மட்டும் நம்புகிற களை தெரிந்தது. அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போலீஸ் வண்டியில் இவரை ஏற்றினார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து, ஸ்பேனரெல்லாம் பத்திரம் என்றார். நான் பால்வாளியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுததில் பாதி கோபம். இருவர்மேலும்தான்.

பல நாள் வைத்து விசாரித்தார்கள். ரேடியேட்டர் தண்ணீரை வடித்துப் பார்த்ததில் எண்ணெயும் துருவும் கலந்த கூழ்தான் வந்தது, எந்தக் காட்டு ஆளும் அதைத் தின்னமாட்டான். துரைக்கு டிராக்டர் வேண்டும், ஆகவே அவரும் பேசினார். பழைய குற்றம் எதுவும் இல்லாத ஆள் என்று அபராதத்தோடு விட்டார்கள். சன்னாசியின் பெயர் அதில் வரவே இல்லை. சிரம்பானிலிருந்து ஆள் வந்து ஈயம் வைத்தான், தம்பி டிராக்டர் டிரைவர் ஆனான். ஆனால் அரிசி விஷயத்தில் போலீசுக்குப் போய்வந்தவனை ஆலைக்குள் விடமுடியாது என்று துரை சொல்லிவிட்டார். இஞ்சின் வேலை போயிற்று. களையெடுக்கும் ஆட்களோடு போ என்றார்கள்.

அவர் வந்த மத்தியானம் சோறு போட்டேன். மெலிந்திருந்தார். கையில் எண்ணெய்க் கறை போய்ச் சுத்தமாக இருந்தது, அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சன்னாசி எதிரில் உட்கார்ந்திருந்தான். எடுத்த அரிசி எல்லாவற்றையும் அதில்தான் ஊற்றினேன் மாமா, முதலில் ஊற்றியது நிற்கவில்லை, வழிந்து வழிந்து போய்விட்டது, அதனால்தான் திரும்பத் திரும்ப எடுத்தேன் என்றான்.

"ரேடியேட்டரு அவ்வளவு குடிக்காது" என்றார் இவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"அப்ப இன்னும் நம்பலயா மாமா?"

"இல்ல."

சன்னாசிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நம்பாதவரு எதுக்கு ஒங்க பேரச் சொன்னீங்க?"

அவர் கையைக் கழுவினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நம்பியிருந்தா, உண்மை ஒன்னியக் காப்பாத்தும்னு சும்மா நின்னுருப்பேன். எனக்கே நம்பிக்கை வரல. அந்த வெள்ளக்காரனுக்கு எப்படிடா வரும்?"

சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, களையெடுக்கிற கங்காணியிடம் பெயர் கொடுக்கக் கிளம்பிப் போனார்.